யாருக்கு எழுதிய தாள் இது?

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கிற தாளுக்கு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. அதுவும் ஒரு பிரதிதானே? எழுதியவர் இருக்கிறார், யாரை நினைத்து எழுதினார் என்ற கேள்வி இருக்கிறது, சொல்லாமல் விட்ட விஷயங்கள் இருக்கின்றன. சரி, நாமே எழுதிப் பார்ப்போம்னு உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். மற்றவர்கள் எழுதிய ஆவணங்களைப் படித்து, "இதை வைத்துக்கொண்டு ஒருத்தன் என்ன செய்வான், எங்கே தப்பு பண்ணுவான்" என்று யோசிப்பது என் வேலையில் பாதி. அந்தக் கண்ணோடுதான் இதையும் படித்தேன். எந்த மாத்திரை யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

எடுத்துக்கொண்ட மருந்து சில்டெனாஃபில். அந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. வயாகரா என்றால் தெரியும். உடனே ஒரு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்காரர் நல்ல பழக்கம். "மாத்திரை வேண்டாம்ணே, உள்ளே இருக்கிற தாள் மட்டும் வேணும், ரெண்டு மூணு கம்பெனியோடது" என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குக் கீழே இருந்த காலி அட்டைப்பெட்டியைக் காட்டி, "எல்லாம் அதுலதான் கிடக்கு சார், யாரும் கேக்கறதில்ல" என்றார். உண்மையில் கேட்க வாய்ப்பே இல்லை. ஒரு பெட்டியில் பல அட்டைகள் இருக்கும், தாள் ஒன்றுதான் இருக்கும். வாங்குகிறவர் ஓர் அட்டை, சில சமயம் அதிலும் பாதியைக் கத்தரித்து இரண்டு மாத்திரை, காகிதக் கவரில் போட்டு வாங்கிப் போகிறார். கத்தரித்த பாதியில் மருந்தின் பெயர் விழுமா, காலாவதித் தேதி விழுமா என்பது கத்தரிக்கோல் போகிற வழியைப் பொறுத்தது.

தாளைப் பிரித்தேன். பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். உச்சியிலேயே ஒரு வரி: பதிவுபெற்ற மருத்துவர், மருத்துவமனை அல்லது ஆய்வகத்தின் உபயோகத்துக்கு மட்டும். அதாவது இது மாத்திரையை விழுங்குகிறவருக்கு எழுதியதே இல்லை. சரி, அட்டையின் முதுகில் என்ன இருக்கிறது? இந்தியாவில் சில்டெனாஃபில் ஷெட்யூல் எச் மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறார்கள். அது கடைக்காரருக்குச் சொன்னது. அதற்குப் பக்கத்தில், எவ்வளவு சாப்பிடுவது என்ற இடத்தில், மருத்துவர் கூறியபடி என்று போட்டிருக்கிறது. மென்பொருள் ஆட்களுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். கையேட்டைத் திறந்தால் "நிர்வாகியைக் கேட்கவும்" என்றிருக்கும். நிர்வாகியே நாமாக இருப்போம்.

ஆக, அட்டை கடைக்காரரோடு பேசுகிறது. தாள் டாக்டரோடு பேசுகிறது. சாப்பிடுகிற மனிதரோடு யாரும் பேசவில்லை. அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் பரவாயில்லை, டாக்டர் பேசியிருப்பார். ஆனால் இந்த ஒரு மருந்தை எத்தனை பேர் சீட்டோடு வாங்குகிறார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

தாளின் உள்ளடக்கத்தில் குறை சொல்ல முடியாது. விவரம் எல்லாம் இருக்கிறது. சிக்கல் அதன் அடுக்கில். ஒரு ஆளைக் கொல்லக்கூடிய விஷயமும், இரண்டு மணி நேரம் மூக்கடைப்பு வரும் என்ற விஷயமும் அதே பொடி எழுத்தில், அதே குரலில், அடுத்தடுத்து வருகின்றன. கொல்லக்கூடிய அந்த ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இந்த மருந்து பிறந்தது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சாண்ட்விச் என்கிற ஊரில் இருந்த ஃபைசர் ஆய்வுக்கூடத்தில். அவர்கள் தேடியது நெஞ்சு வலிக்கு மருந்து. இதயத்துக்கு அது பெரிசாக எதுவும் செய்யவில்லை. சோதனையில் கலந்துகொண்ட ஆண்கள் சொன்ன பக்கவிளைவு வேறு கதையைத் திறந்துவிட்டது. 1998 மார்ச் 27ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. இந்தக் கதையை எல்லாரும் ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆபத்தும் அதே கதைக்குள்தான் இருக்கிறது. நெஞ்சு வலிக்கு நூறு வருஷத்துக்கு மேலாகக் கொடுத்துவருகிற நைட்ரோகிளிசரின் வகை மருந்துகளும் இந்த மாத்திரையும் உடம்பில் ஒரே குழாயில் வேலை செய்கின்றன.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசை ஏற்படும்போது நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவருகிறது. அது சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருளை உண்டாக்குகிறது. இதுதான் தொட்டியில் விழும் தண்ணீர். அது சேரச் சேர ரத்தக் குழாய்ச் சுவர்கள் தளர்ந்து ரத்தம் பாய்கிறது. தொட்டியின் அடியில் ஒரு வடிகால் உண்டு. அதன் பெயர் பி.டி.இ.5, சைக்ளிக் ஜி.எம்.பி.யைச் சிதைக்கிற நொதி. சில்டெனாஃபில் செய்வது ஒன்றுதான், வடிகாலை அடைக்கிறது. குழாயை அது திறப்பதில்லை. அதனால்தான் மாத்திரையை விழுங்கிவிட்டு, டிவியில் நியூஸ் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடப்பதில்லை. "போட்டேன், வேலை செய்யல, ரெண்டா போட்டுப் பார்ப்போம்" என்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள் என்பது என் ஊகம். மீதிப் பேர் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டிருப்பார்கள். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு வர ஒரு மணி நேரம் தாமதமாகிறது, உச்ச அளவும் 29 சதவீதம் குறைகிறது. இது தாளிலேயே இருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

இப்போது நெஞ்சு வலி மருந்துக்கு வருவோம். நைட்ரேட் என்பது வெளியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைக் கொண்டுவந்து உடம்பு முழுக்கக் கொட்டுகிற மருந்து. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது மாதிரி. வடிகால் திறந்திருந்தால் உடம்பு சமாளித்துவிடும். அடைத்து வைத்திருந்தால்? எல்லா ரத்தக் குழாய்களும் ஒரேயடியாகத் தளர்ந்து, பிரஷர் சரசரவென்று இறங்குகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயத்துக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் குறைகிறது. இதில் "கொஞ்சமாப் போட்டா பரவாயில்ல" என்ற பேச்சே கிடையாது. சாதாரண பிரஷர் மாத்திரை அப்படியில்லை. அம்லோடிபினோடு சேரும்போது சராசரியாக மேல் அளவு 8, கீழ் அளவு 7 கூடுதலாக இறங்கியது என்று தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம் அது. நைட்ரேட்டோடு சேர்ப்பது முழுத் தடை.

நைட்ரிக் ஆக்சைடு உடம்புக்குள் தூதுவனாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 1998ல், வயாகரா வந்த அதே வருஷம். நோபல் பணம் சம்பாதித்தது நைட்ரோகிளிசரினை அடக்கி டைனமைட் செய்து. கடைசிக் காலத்தில் அவருடைய இதய நோய்க்கும் டாக்டர்கள் அதே நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். விஷயத்துக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இனி தாளின் உண்மையான ஓட்டை. நைட்ரேட் சாப்பிடுகிறவர்கள் இந்த மாத்திரையைப் போடக் கூடாது என்று தாள் சொல்கிறது. சரி. அந்த வாக்கியம் ஏற்கெனவே இதய நோயாளி என்று தெரிந்த ஒருவரைப் பார்த்துப் பேசுகிறது. இதய நோய் இருப்பதே தெரியாத ஐம்பது வயதுக்காரரின் கதை வேறு. அவருக்கு முதல் நெஞ்சு வலி இன்று இரவு வருகிறது. மாத்திரை போட்டு மூன்று மணி நேரம் ஆகிறது. நைட்ரேட்டை அவர் தேடிப் போக மாட்டார். மற்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

யார் கொடுப்பார்கள்? நம் ஊரில் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற எவரும். நெஞ்சு வலி வந்தால் ஒரு சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வையுங்கள், வீட்டில் எப்போதும் ஒரு அட்டை வைத்திருங்கள் என்று வருகிற ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். சார்பிட்ரேட் என்பது ஐசோசார்பைடு டைநைட்ரேட். சரியான ஆளுக்கு, டாக்டர் சொல்லி வைத்திருக்கும்போது, நல்ல மருந்து. என் கண்ணில் பட்ட எந்த ஃபார்வர்டிலும் "கடந்த ஒரு நாளில் அந்த மாத்திரை போட்டாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்" என்ற வரி இல்லை. ஒரு பக்கம் மாத்திரைத் தாள், இன்னொரு பக்கம் முதலுதவிச் செய்தி. இரண்டும் தனித்தனியாகப் படித்தால் சரிதான். சேர்த்து ஓட்டினால் ஆளைக் கொல்லும். எங்கள் தொழிலில் இதுதான் மிக மோசமான வகைப் பிழை. இரண்டு தொகுப்பும் தனித்தனிச் சோதனையில் தேறியிருக்கும், சேர்த்து ஓட்டிப் பார்க்க மட்டும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்கத் தாளில் நோயாளிக்கென்று தனிப் பகுதி உண்டு. அதில் இந்த ஓட்டையை யோசித்திருக்கிறார்கள். அவசர சிகிச்சைக்குப் போக நேர்ந்தால், கடைசியாக எப்போது மாத்திரை போட்டீர்கள் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர்கள் வைத்திருக்கிற கணக்கு இது: சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம் ஆகும்வரை நைட்ரேட் கிடையாது, டாடாலாஃபில் போட்டிருந்தால் 48 மணி நேரம். டாடாலாஃபில் உடம்பிலிருந்து பாதி இறங்கவே பதினேழு பதினெட்டு மணி நேரம் ஆகிறது. வெள்ளிக்கிழமை இரவு போட்டது ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இருக்கும். இவ்வளவும் தெரிந்துவிட்டால் அவசரப் பிரிவு டாக்டர் கையில் வேறு வழிகள் இருக்கின்றன. ஆஸ்பிரினோடு இந்த மாத்திரைக்குச் சண்டை கிடையாது. அடைப்பை நீக்குகிற ஆஞ்சியோபிளாஸ்டிக்கும் தடை கிடையாது. நைட்ரேட் ஒன்றைத்தான் தவிர்க்க வேண்டும்.

நல்ல வரிதான். ஆனாலும் அதுகூட ஒன்றை நம்பி நிற்கிறது: அந்த மனிதர் வாயைத் திறந்து சொல்வார் என்று.

சொல்வாரா? இதற்கு ஊகம் தேவையில்லை, சிங்கப்பூரில் நடந்த ஒன்று இருக்கிறது. 2008 ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிய நிலையில் அங்குள்ள அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். காரணம், கள்ளச் சந்தையில் விற்ற விறைப்பு மாத்திரைகள். போலி சியாலிஸும், மூலிகை என்று விற்ற ஒன்றும். அவற்றில் சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு பெரிய அளவில் கலந்திருந்தது. நம் ஊரில் டயோனில் என்று தெரிந்த அதே மருந்து. 7 பேர் மயக்கம் தெளியாமலே கிடந்தார்கள், அவர்களில் 4 பேர் இறந்தார்கள். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2009ல் இது வெளியானது. நான் அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இன்னொரு எண்ணை. அந்த 150 பேரில் இப்படி ஒரு மாத்திரை போட்டதாக ஒப்புக்கொண்டவர்கள் 45 பேர். முப்பது சதவீதம். மயங்கி விழுந்து, மருத்துவமனைக்கு வந்து, டாக்டர் நேருக்கு நேர் கேட்டபோதும் இவ்வளவுதான். இத்தனைக்கும் நல்ல ஆஸ்பத்திரிகள் உள்ள, படித்தவர்கள் நிறைந்த ஊர் அது.

ஆகவே "சொல்லுங்கள்" என்று தாளில் எழுதினால் மட்டும் போதாது. ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். மேலே சொன்ன சிரிப்பு இங்கேதான் வருகிறது.

தமிழில் இந்தக் குறைக்கு வழக்கில் இருக்கும் பெயரே ஆண்மைக் குறைவு. கண் சரியாகத் தெரியாததைப் பார்வைக் குறைபாடு என்கிறோம், மனிதக் குறைவு என்று சொல்வதில்லை. ஒரு ரத்தக் குழாய் சரியாக விரியாததற்கு மட்டும் ஆளின் அடையாளத்தையே குறைத்துப் பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்திலும் முன்பு இதே மாதிரி ஒரு சொல்தான் இருந்தது, இயலாமை என்ற பொருளில். மருத்துவத் துறை அதைக் கைவிட்டுவிட்டது. விறைப்புத்தன்மைக் குறைபாடு என்ற நீளச் சொல் நம்மிடமும் இருக்கிறது, பாடப்புத்தகத்தில். ஆண்மைக் குறைவு என்று பெயர் வைத்துவிட்டால், பக்கத்தில் மனைவியும் காலடியில் மகனும் நிற்க, ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிற மனிதர் அதை எப்படிச் சொல்வார்?

அந்தப் பெயரைப் பரப்பியதில் பெரும் பங்கு சுவர் விளம்பரங்களுக்கும், ஊர் ஊராகத் தேதி போட்டு லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்த "பரம்பரை" வைத்தியர்களுக்கும், பிறகு நள்ளிரவு டிவி நிகழ்ச்சிகளுக்கும் உண்டு. 1954ம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இந்தக் குறைபாட்டைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. சட்டத்துக்குப் பயந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பயப்படாதவர்கள் எழுபது வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். விளைவாக இந்த விஷயத்தில் நம் காதில் விழுந்த குரல் முழுக்க அவர்களுடையது. டாக்டர் மாத்ருபூதம் மாதிரி ஒருவர் "புதிரா புனிதமா"வில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதை இன்றும் ஆட்கள் நினைவு வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

"இங்கிலீஷ் மாத்திரைதான் ஆபத்து, மூலிகை பாதுகாப்பு" என்ற நம்பிக்கையும் அந்தக் குரல் கொடுத்ததுதான். அமெரிக்க எஃப்.டி.ஏ. வருஷக்கணக்காக வெளியிட்டுவரும் பட்டியலைப் பார்த்தால் இது உடைந்துவிடும். இயற்கை, மூலிகை என்று விற்கிற பொடிகளிலும் கேப்சூல்களிலும் சில்டெனாஃபிலோ டாடாலாஃபிலோ, பெயர் போடாமல் கலந்திருப்பதைச் சோதனையில் கண்டுபிடித்து அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2022ல் தேன் பாக்கெட்டில்கூடக் கண்டுபிடித்தார்கள். மூலிகை வேலை செய்தது என்று மகிழ்கிறவர் வடிகாலை அடைத்திருக்கிறார், ஆனால் அவருக்கே அது தெரியாது. ஆஸ்பத்திரியில் "அந்த மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்வார். பொய்யும் சொல்லவில்லை.

தெரியாமல் "இல்லை" என்று சொல்லக்கூடிய இன்னொரு ஆளும் இருக்கிறார். டாடாலாஃபில் 5 மில்லிகிராமை தினமும் ஒன்று என்று ப்ராஸ்டேட் வீக்கத்துக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். எழுபது வயதுப் பெரியவர், சிறுநீர்த் தொந்தரவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவரிடம் போய் "வயாகரா போட்டீங்களா தாத்தா" என்றால் அடிக்க வருவார். அவர் ரத்தத்தில் டாடாலாஃபில் எந்நேரமும் இருக்கிறது. அதே போல சில்டெனாஃபில் 20 மில்லிகிராம், நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்த நோய்க்கு, பெண்கள் உட்பட, தினமும் மூன்று வேளை கொடுக்கப்படுகிறது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்கூட இந்த மருந்து உபயோகத்தில் இருக்கிறது. அங்கே யாரும் சிரிப்பதில்லை.

எனவே கேள்வியை வயாகரா என்று கேட்பதே தவறு. 2001லிருந்து இந்தியாவில் சில்டெனாஃபில் பல பெயர்களில் தயாராகிறது, பெனெக்ரா, காவெர்ட்டா, எடெக்ரா என்று ஆரம்பித்தது இப்போது எண்ண முடியாத அளவுக்குப் போய்விட்டது. பெரிய எழுத்தில் இருக்கிற வணிகப் பெயர் எதையும் சொல்லாது. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பாருங்கள். சில்டெனாஃபில், டாடாலாஃபில், வார்டெனாஃபில், அவனாஃபில், உடெனாஃபில். எல்லாம் "ஃபில்" என்று முடியும். சர்வதேசப் பெயரிடும் முறையில் இந்தக் குடும்பத்துக்கென்றே ஒதுக்கிய வால் அது. மாறிப் பெயர் வைக்கத் தெரியாத எங்கள் ஆட்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்புக்கும் முகமூடிகள் உண்டு. நைட்ரேட் என்றால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை மட்டும் இல்லை. தினசரி சாப்பிடும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், தோலில் ஒட்டுகிற பட்டை, வாயில் அடிக்கிற ஸ்ப்ரே, எல்லாம் அதுவே. இதயத்துக்குக் கொடுக்கிற நிகோராண்டிலுக்குள்ளும் ஒரு நைட்ரேட் பகுதி இருக்கிறது, பெயரில் தெரியாது. ஆசனவாய் வெடிப்புக்குப் போடுகிற களிம்புகளில் சிலவற்றில் நைட்ரோகிளிசரின் இருக்கிறது. களிம்புதானே என்று யாரும் அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வேறு மாதிரி எழுத முடியுமா? முடியும் என்று பிரிட்டன் காட்டியிருக்கிறது. 2017 நவம்பரில் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சில்டெனாஃபில் 50 மில்லிகிராமை டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்தாளுநர் விற்கலாம் என்று அறிவித்தது. கேட்டதும் "ஐயோ, இன்னும் தளர்த்திவிட்டார்களே" என்று தோன்றும். நடைமுறையில் அங்கே மருந்தாளுநர் முதலில் உட்கார வைத்துக் கேட்கிறார். நைட்ரேட், நிகோராண்டில், இதய நிலை, ஈரல், வேறு மாத்திரைகள். சிக்கல் இருந்தால் கொடுக்க மாட்டார். கொடுத்தாலும் ஆறு மாதத்துக்குள் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார். வெட்கப்பட்டு இணையத்தில் கள்ள மாத்திரை வாங்குகிறவர்களை ஒரு பேச்சுக்குள் இழுப்பதுதான் நோக்கம். நம் விதி காகிதத்தில் கடுமையானது, கல்லாவில் அது ஒரு கேள்வியாகக்கூட மாறுவதில்லை. இன்னொன்று, ஐரோப்பாவில் நோயாளிக்கான தாளைச் சாதாரண ஆட்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, புரிகிறதா என்று சோதித்த பிறகே வெளியிட வேண்டும் என்பது சட்டம். பயனர் சோதனை! இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அந்த "ஆறு மாதத்துக்குள் டாக்டர்" என்ற வரி வெறும் சம்பிரதாயம் இல்லை. ஆண்குறிக்குப் போகும் தமனி இதயத் தமனியை விடக் குறுகியது. அடைப்பு ஒரே வேகத்தில் படிந்தாலும் குறுகிய குழாயில் முதலில் தெரியும். இந்தக் குறைபாடு இதய நோய்க்குச் சில வருஷங்கள் முன்னாலேயே தலைகாட்டுவது உண்டு. சுகரோ பிரஷரோ இருப்பதே இதை விசாரிக்கப் போன இடத்தில் தெரிய வருவதும் உண்டு. கடையில் சத்தமில்லாமல் மாத்திரை வாங்கிக் காரியத்தை முடித்துக்கொள்கிறவர் எச்சரிக்கை விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார். விளக்கு எரியாது. எஞ்சின் அப்படியேதான் இருக்கும்.

குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நாகரிகம் இல்லை. மற்றவர் நிரலில் பிழை கண்டுபிடித்தால் திருத்தமும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அட்டையோடு தனியாகக் கொடுக்கிற ஒரு சின்னத் துண்டுச்சீட்டாக, என் கைக்கு வந்த வரையில் இப்படி எழுதுவேன். இதில் உள்ளவை எல்லாம் அந்தப் பொடி எழுத்துத் தாளில் ஏற்கெனவே இருப்பவைதான். வரிசையும் ஆளும்தான் மாற்றம். கடைசிப் பகுதி மட்டும் நான் சேர்த்தது.

"ஐயா, இந்த மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வைக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம் மாத்திரையின் பெயரையும் போட்ட நேரத்தையும் சொல்லுங்கள். இதைவிட முக்கியமானது இந்தச் சீட்டில் வேறில்லை.

இதயத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டாக்டரிடம் காட்டாமல் இதைத் தொடாதீர்கள். ப்ராஸ்டேட் மாத்திரை, பூஞ்சைக்கான மாத்திரை, எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்கள், அளவு மாறும். ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தாலும், இரண்டு மாடி ஏறினால் நெஞ்சை அடைத்தாலும், முதலில் இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். வேலை செய்யவில்லை என்றால் இரண்டாகப் போடாமல் டாக்டரிடம் திரும்பப் போங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தாமதமாகும். மதுவோடு வேண்டாம், தலை சுற்றி விழுவீர்கள். தலைவலி, முகம் சிவப்பது, நெஞ்செரிச்சல், கொஞ்ச நேரம் எல்லாம் நீலமாகத் தெரிவது, இவை வந்து போகும். நாலு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டால் வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தாமதித்தால் நிரந்தரமாகக் கெட்டுவிடும். திடீரென்று ஒரு கண் தெரியாமல் போனாலும் காது கேட்காமல் போனாலும் அப்படியே.

அம்மா, இந்தச் சீட்டு உங்களுக்கும்தான். அவருக்குப் பேச முடியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். அட்டையை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைக்காமல், பிரஷர் மாத்திரை இருக்கிற அதே டப்பாவில் போட்டு வையுங்கள்."